மூன்றடி நாலங்குலம்

கீ... கீ... கீ... என்று டேப்காரரின் கையிலிருந்த ஃபோன் அலறியது. முன்னறையில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் சட்டென்று நின்றது.

"என்ன சார், எங்கயாவது தீப்பிடிச்சிருச்சா?" என்று வீட்டுக்காரம்மா அங்கிருந்தே கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. கணக்கு உதைக்குதாம். அதான் கத்துது."

அவர் திரையைத் தொட்டு அதன் வாயை அடைத்தார். பத்து விநாடி சும்மா இருந்தது. பிறகு மறுபடியும் கீ... கீ... கீ...

டேப்காரருக்கு வேலை, வீடுகளுக்கு மதிப்புப் போடுவது. வீட்டுக்கடன் கேட்டு யாராவது வங்கிக்குப் போனால், அந்த வீடு அந்தக் கடனுக்குத் தாங்குமா என்று பார்த்து எழுதிக் கொடுக்க வங்கி இவரை அனுப்பும். இருபத்தெட்டு வருடமாக இதே பிழைப்பு. இடுப்பு பெல்ட்டில் எப்போதும் ஒரு இரும்பு டேப் தொங்கியதால் இந்தப் பெயர். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்புவரை எல்லாம் சுகமாகத்தான் போனது. வீட்டை வெளியே ஒரு சுற்றுச் சுற்றி டேப்பை இழுத்து அளப்பார். உள்ளே போனால் போவார், போகாவிட்டால் இல்லை. முன்பக்கம் நின்று ஒரு போட்டோ. சாயங்காலம் வீட்டில் நாற்காலியில் சாய்ந்தபடி அவர் சொல்லச் சொல்ல மனைவி டைப் அடிப்பாள். 'சுவர்கள் யாவும் நல்ல நிலையில் உள்ளன' என்ற வரியை அவர் சொல்லக்கூட வேண்டாம், அவளே அடித்துவிடுவாள். நாலு பக்கம், ஒரு கையெழுத்து, முடிந்தது.

பிறகு புதிய முறை வந்தது. காகிதம் போய் ஃபோன். டேப் போய், தீப்பெட்டி அளவில் ஒரு லேசர் கருவி. ஒவ்வொரு அறைக்குள்ளும் போய் அளக்க வேண்டும், ஒவ்வொரு மூலையையும் படம் எடுக்க வேண்டும். அளவைக் கையால் தட்ட முடியாது. கருவி சொல்வதைத்தான் ஃபோன் எழுதிக்கொள்ளும். எல்லா அறைகளையும் கூட்டி, நடுவிலுள்ள சுவர்களின் கனத்தையும் சேர்த்து, வெளியே அளந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். நாலு விரற்கடைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் படத்தில் சிவப்புக் கோடு போட்டு ஊரைக் கூட்டும். பழைய படிவம் ஊமை. எதை எழுதினாலும் வாங்கிக்கொண்டு கிடக்கும். புதுசுக்கு வாயும் இருந்தது, ஞாபகசக்தியும் இருந்தது. அதே வீட்டுக்கு முன்னால் யாராவது மதிப்புப் போட்டிருந்தால் அதையும் தோண்டி எடுத்துக் கண் முன்னால் வைத்துவிடும்.

இதற்காக வங்கி மூன்று நாள் வகுப்பு நடத்தியது. டேப்காரர் கணினி முன்னால் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கினார். பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து வகுப்பைக் கேட்டது மனைவிதான். "சர்ட்டிபிகேட் உங்க பேர்ல வந்திருக்கு. குறட்டைக்குத் தனியா ஒண்ணு குடுப்பாங்களான்னு கேக்கணும்" என்றாள்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக அது நிற்கவில்லை. முதல் அறிக்கை கூட்டல் சேராமல் திரும்பி வந்தது. இரண்டாவது, மேற்கூரைப் படம் இல்லையென்று திரும்பியது. வங்கி அதிகாரி ஃபோனில் தன்மையாகத்தான் பேசினார். "சார், மூணாவது திரும்பிச்சுன்னா லிஸ்ட்லேர்ந்து பேர் தானா போயிடும். என் கையில ஒண்ணுமில்ல. டைமுக்கு வரலைன்னாலும் திரும்பினதாத்தான் கணக்கு."

மற்ற இரண்டு வங்கிகள் அவரைக் கூப்பிட்டு வருடக்கணக்காகிறது. இந்த லிஸ்ட்டிலிருந்து பேர் போனால், ஐம்பத்துநாலு வயதில் அந்த இரும்பு டேப்பைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அப்படி இருக்கும்போதுதான் இந்த வீடு வந்தது. அதிகாரி சொன்ன ஒரு வார்த்தை அவருக்கு இரண்டு நாளாகத் தேன் தடவியது போல இருந்தது. "மூணு பேர் பேரைக் குடுத்தேன் சார். வாங்கறவங்க உங்க பேரைத்தான் கேட்டு வாங்கியிருக்காங்க."

கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பழுத்த கை என்றால் சும்மாவா என்று மனைவியிடம் இரண்டு முறை சொல்லிக் காட்டினார். "ரொம்பப் பழுத்தா என்னாகும்னு உங்களுக்கே தெரியும்" என்றாள் அவள்.

அறிக்கையை இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். இப்போது மூன்று நாற்பது.

அவர் திரையைப் பார்த்தார். வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முன்னறை, கூடம், படுக்கையறை, சமையலறை, பின்னறை என்று ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து. வாசலில் நின்றால் கதவுக்குள் கதவாகக் கடைசிவரை தெரியும். வெளியே அளந்த நீளம் நாற்பத்தேழு அடி இரண்டு அங்குலம். உள்ளே எல்லாவற்றையும் கூட்டினால் நாற்பத்து மூன்று அடி பத்து அங்குலம். குறைவது மூன்றடி நாலங்குலம்.

மூன்றடி நாலங்குலம் என்பது கைப்பிசகு அல்ல. ஒரு ஆள் படுக்கலாம்.

மறுபடியும் எல்லா அறைகளையும் அளந்தார். வெளியே போய்ப் பக்கச் சுவரையும் அளந்தார். பின்பக்கம் போய்ப் பார்க்க முயன்றார். முடியவில்லை. அடுத்த வீட்டு மதிலுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருந்தது, அதிலும் தகரத் தட்டிகளும் உடைந்த தண்ணீர்த் தொட்டியும் அடைத்துக்கொண்டு நின்றன. திரும்பி உள்ளே வந்தார். அதே மூன்றடி நாலங்குலம்.

வீட்டுக்காரம்மா மிஷினை விட்டு எழுந்து, கழுத்தில் தொங்கும் துணி டேப்போடு கூடத்தில் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். முன்னறையில்தான் தையல், கட்டிலும் அங்கேயேதான் போட்டிருந்தது.

"தண்ணி வேணுமா சார்? முகம் வேர்த்திருக்கு."

"வேணாம்மா. ஏம்மா, பின்னறையில யாரும் படுக்கறதில்லையா? துணி மூட்டையா அடுக்கி வச்சிருக்கீங்க."

"வெளிச்சம் பத்தாது சார்." பிறகு லேசாகச் சிரித்தார். "உங்களுக்கு என்னை ஞாபகமில்ல போலிருக்கு. ஆறு வருஷம் முன்னாடி நான் இந்த வீட்டை வாங்கறப்ப அளக்க வந்ததும் நீங்கதான். அப்ப இடுப்புல டேப் தொங்கும். மத்தபடி நீங்க மாறவே இல்ல."

அப்போதுதான் அவர் திரையின் மேல்மூலையைப் பார்த்தார். 'முந்தைய அறிக்கை: ஒன்று' என்று இருந்ததை இத்தனை நேரம் கவனிக்கவில்லை. தொட்டார். அவருடைய கையெழுத்து, அவருடைய முத்திரை. 'சுவர்கள் யாவும் நல்ல நிலையில் உள்ளன.' பின்னறை, ஒன்பது அடி நாலு.

இப்போது கருவி சொல்வது எட்டு அடி எட்டு.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் சங்கதி இதுதான்: இந்த ஆறு வருடத்தில் யாரோ பின்னறையில் உள்பக்கமாக ஒரு சுவரை எழுப்பியிருக்கிறார்கள். அறை சுருங்கியிருக்கிறது. கணக்கு முழுதாகச் சேரவில்லைதான், எட்டு அங்குலம் எங்கே மூன்றடி நாலங்குலம் எங்கே. ஆனாலும் ஒரு நூல் கிடைத்தது. அது அவர் வந்துபோன பிறகு நடந்தது. அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பின்னறைக்குப் போய்க் கடைசிச் சுவரை விரலால் தட்டினார். டொக், டொக். பக்கச் சுவரைத் தட்டினார். தட், தட். கடைசிச் சுவர் செங்கல் இல்லை. பலகைமேல் பூசி வெள்ளையடித்தது. நெஞ்சு உயரத்தில் ஒரு சுவிட்ச் பெட்டி மூடி இருந்தது. சுவிட்ச் கிடையாது. வெறும் வெள்ளை மூடி, இரண்டு திருகாணி.

"இது என்னம்மா?"

"பழைய ஒயரிங்கா இருக்கும்." வீட்டுக்காரம்மா அறைக்குள் வரவில்லை. நிலைப்படியிலேயே நின்றார்.

கருவியின் பேட்டரி மாற்ற வைத்திருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அவருடைய கை அதுவரை போயிற்று, திரும்பி வந்துவிட்டது. கண்ணால் பார்த்துவிட்டால் எழுத வேண்டும். பார்க்காதது இல்லாததற்குச் சமம். இருபத்தெட்டு வருடத்தில் அவர் கற்ற பாடங்களில் தலையாயது அது.

வாசலுக்குப் போய் மனைவிக்கு ஃபோன் செய்தார்.

"என்ன, கூவுதா?" என்றாள் எடுத்ததுமே.

"கூவுது. அதை விடு. என்னோட பழைய அளவு நோட்டெல்லாம் பரண்ல கிடக்குமே, ஆறு வருஷத்துக்கு முந்தினதை எடு. நீள வீடு, அஞ்சு ரூம். பின்னறைக்கு என்ன அளவு போட்டிருக்கேன் பாரு."

"இப்பவா? ஏணி போட்டு ஏறணும்."

"ஏறு. அவசரம்."

காத்திருந்தார். தெருவில் ஒரு வேன் பின்னால் வந்து, முன்னால் போய், மறுபடி பின்னால் வந்தது. ஏணி இழுபடும் சத்தம் கேட்டது, தும்மல் கேட்டது, அவரைப் பற்றியும் நோட்டுகளைப் பற்றியும் அவள் முணுமுணுப்பது கேட்டது. நாலு மணி பத்து நிமிடம்.

"கிடைச்சுது. உங்க கோழிக் கிறுக்கலைப் படிக்க எனக்குத்தான் முடியும். முன்னறை... கூடம்... இந்தா, பின்னறை. எட்டு அடி எட்டு."

"சரியாப் பாரு. ஒம்பது நாலா இருக்கும்."

"எட்டு எட்டுங்க. நான் டைப் அடிச்ச அறிக்கையிலதான் ஒம்பது நாலு. இருங்க, அடியில பென்சில்ல ஏதோ இருக்கு."

நோட்டை வெளிச்சத்துக்குத் திருப்பும் சரசரப்புக் கேட்டது.

"என்ன இருக்கு?"

"'மூணு நாலு குறையுது. ஆளுக்கு எட்டு.' உங்க கையெழுத்துதான்."

டேப்காரர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றடி நாலங்குலம் என்றால் நாற்பது அங்குலம். அறை ஐந்து. ஆளுக்கு எட்டு. பங்காளிகளுக்குப் பாகம் பிரிப்பது போலக் குறையை எல்லா அறைகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடுவது. தொழிலில் இதற்குப் 'பங்கு போடுவது' என்று பெயர். இரண்டு அங்குலம் மூன்று அங்குலம் உதைத்தால் எல்லோரும் செய்வதுதான்; டேப் தொய்ந்திருக்கும், சுவர் கோணலாக இருக்கும். நாற்பது அங்குலத்துக்கு எவனும் பங்கு போடமாட்டான். அவர் போட்டிருக்கிறார். போட்டதே ஞாபகமில்லை என்பதுதான் அவரை இன்னும் உலுக்கியது.

"அன்னிக்கு ஒரே நாள்ல நாலு வீடு பாத்திருக்கீங்க" என்றாள் மனைவி. குரலில் கேலி போயிருந்தது. "தேதி ஒண்ணாத்தான் இருக்கு."

அப்படியானால் அந்தப் பலகைச் சுவர் அன்றே இருந்தது. அவர் அன்றே அதன் முன்னால் நின்றிருக்கிறார்.

"நான் இப்ப என்ன பண்றது?"

"என்னைக் கேக்காதீங்க. நான் டைப் அடிக்கறவ. அளந்தது நீங்க." பிறகு, "அஞ்சுக்கு இன்னும் முக்கால் மணி இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவர் எழுந்து உள்ளே போனார். மிஷின் ஓடவில்லை. வீட்டுக்காரம்மா ஒரு சட்டைத் துணியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபடி, வெட்டாமல் இருந்தார்.

உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தார். 'முந்தைய அறிக்கையோடு வித்தியாசம் ஏன்?' என்று ஃபோன் கேட்கும். அதற்குப் பதில் எழுதினால் அது அவர் தலையில் அவரே போட்டுக்கொள்ளும் கல். லிஸ்ட் என்ன, லைசென்ஸே போகும். எழுதாவிட்டால் கூட்டல் சேராது, அறிக்கை போகாது, ஐந்து மணிக்கு மூன்றாவது திரும்பல். எப்படிப் பார்த்தாலும் வழி அடைத்திருந்தது, ஒன்றைத் தவிர.

லேசர் கருவிக்குக் கண் உண்டு, புத்தி இல்லை. எங்கே வைக்கிறோமோ அங்கிருந்து எதிர்ச் சுவர்வரை அளக்கும். இந்த வீட்டில் கதவுக்குள் கதவு. அறையின் சுவரோடு ஒட்டி வைக்காமல், நிலைப்படிக்குள்ளே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகப் பின்னால் தள்ளி வைத்தால்?

எதிர்க் கதவைச் சாத்திவிட்டு முன்னறை நிலையில் வைத்தார். பீப். எட்டு அங்குலம் கூடியது. படத்தில் சிவப்புக் கோடு கொஞ்சம் சுருங்கியது.

கூடம். பீப்.

படுக்கையறை. பீப்.

சமையலறை. பீப்.

வீட்டுக்காரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காக மறுபடி அளக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அளக்கிற இடத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தார்.

பின்னறை. கருவியை நிலைப்படியில் வைத்தார். பலகைச் சுவர்மேல் சிவப்புப் புள்ளி விழுந்தது, அந்த வெள்ளை மூடிக்கு ஒரு விரல் தள்ளி. பீப்.

ஒன்பது அடி நாலு. திரை பச்சையானது. 'அளவுகள் பொருந்துகின்றன. அனுப்பலாமா?'

நாலு மணி முப்பத்தொன்று. கட்டைவிரலைத் தூக்கினார்.

"அத்தை, உள்ள வரலாமா?" என்று வாசலில் ஒரு குரல்.

வீட்டை வாங்கப்போகும் பெண். மருந்துக்கடையில் வேலை, கடை உடுப்போடே வந்திருந்தாள். ஏழு மாத வயிறு. இரண்டு மாதமாக விலை பேசப் போக வர இருந்ததில் வீட்டுக்காரம்மா அவளுக்கு அத்தையாகிவிட்டிருந்தார்.

"அரை மணி பர்மிஷன் போட்டு வந்தேன் சார்" என்றாள் டேப்காரரிடம். "உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன். ஒரே ஒரு அளவு மட்டும் வேணும். பின்னறை நீளம் என்ன?"

"எதுக்கும்மா?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்தாள். பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கட்டம், கட்டத்துக்குள் இரண்டு கட்டம். "இது எங்க கட்டில், ஆறரை அடி. இது குழந்தைக் கட்டில், ரெண்டரை. மொத்தம் ஒம்பது. ஒம்பதுக்கு மேல இருந்தா வரிசையாப் போட்டுடலாம். அவர் பத்தாதுன்றாரு. பந்தயம் கட்டியிருக்கேன்."

டேப்காரர் திரையைப் பார்த்தார். "ஒம்பது நாலு" என்று வாய் சொன்னது.

"பாத்தீங்களா அத்தை!" சீட்டில் எழுதிக்கொண்டாள். "நாலு அங்குலம் மிச்சமே இருக்கு. எங்களுக்கு யாரையும் தெரியாது சார். ஏதோ உங்க பேர் கிடைச்சுது, எல்லாம் கூடி வருது. வாங்க, காட்டறேன். குழந்தையோட கட்டில் இந்தக் கோடியில."

துணி மூட்டைகளுக்கு நடுவே வயிற்றைத் தாங்கியபடி நடந்து போனாள். கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பினாள். காலையிலிருந்து நின்றே வேலை பார்த்தவள். இடுப்பில் ஒரு கையை வைத்து, அப்பாடா என்று அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தாள்.

பலகை முனகியது. அதற்குப் பின்னால், உள்ளே எங்கேயோ, மணல் சரிவது போலச் சரசரவென்று ஒரு ஓசை கேட்டு நின்றது.

"அதுல சாயாதே! இங்க வா!"

அப்படி ஒரு குரல் தன் தொண்டையில் இருக்கிறது என்று டேப்காரருக்கே தெரியாது. அந்தப் பெண் துள்ளி விலகினாள். வீட்டுக்காரம்மாவின் கையிலிருந்து கத்தரிக்கோல் மேசைமேல் விழுந்தது.

"ஏன் சார்? பெயிண்ட்டா?"

ஏன் என்று அவருக்குத் தெரியாது, அதுதானே விஷயம். தெரியாமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் பாடுபட்டிருந்தார்.

"நீ கூடத்துல போய் உக்காரும்மா. அந்தச் சீட்டுல எழுதினியே, அந்த அளவை அடிச்சிடு. அது தப்பு."

அவள் தயங்கித் தயங்கிப் போனாள். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். முதல் திருகாணி சுலபமாக வந்தது. இரண்டாவதும் சுலபமாகத்தான் வந்தது. பல வருடம் தொடாத திருகாணி மாதிரி இல்லை. மூடியை எடுத்தார். உள்ளே பெட்டியும் இல்லை, ஒயரும் இல்லை. பலகையில் கை நுழையும் அளவுக்குச் சதுரமாக ஒரு ஓட்டை. ஈரமண் வாடையும் பழைய காற்றும் முகத்தில் அடித்தன.

ஃபோனை ஓட்டைக்குள் விட்டு, பளிச், பளிச், பளிச் என்று மூன்று படம் எடுத்தார். வெளியே இழுத்துப் பார்த்தார்.

மூன்றடி நாலங்குலத்துக்கு அப்பால் வீட்டின் அசல் பின்சுவர் நின்றது. நின்றது என்று சொல்லக்கூடாது. சாய்ந்திருந்தது, வயிறு தள்ளி, உள்பக்கமாக. மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு, கையை நுழைக்கலாம். அதற்கு மூன்று மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். நடுக்கட்டை கறையான் தின்று பாதியாகியிருந்தது. அதன் அடியில் புதிதாகச் சரிந்த மண், குவியலாக.

நாலு மணி நாற்பத்து நாலு.

அவர் வேலையை ஆரம்பித்தார். ஐந்து அளவுகளையும் அழித்தார். ஃபோன் பதறிப்போய் 'நிச்சயமாகவா?' என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டது. ஒவ்வொரு அறையாகப் போய்க் கருவியைச் சுவரோடு ஒட்டி, நியாயமாக வைத்து அளந்தார். பின்னறைக்கு எட்டு அடி எட்டு. கீ... கீ... கீ... இந்த முறை அதன் வாயை அடைக்கவில்லை. அது கத்திக்கொண்டே இருக்க, 'காரணம்' என்ற கட்டத்தைத் திறந்து, 'பின்னறையில் பொய்ச் சுவர். பின்னால் மூன்றடி நாலங்குலம் மறைந்த இடம். அசல் சுவர் விழும் நிலை' என்று ஒற்றை விரலால் தட்டினார். மூன்று படங்களையும் சேர்த்தார். அலறல் நின்றது. வீட்டின் நிலை என்ன என்று ஒன்று முதல் ஆறு வரை கேட்டது. ஆறு என்றால் குடியிருக்கத் தகுதியில்லை. ஆறைத் தொட்டார்.

கடைசியாக அது வந்தது. 'முந்தைய அறிக்கையோடு வித்தியாசம் ஏன்?'

நாலு மணி ஐம்பத்திரண்டு. கட்டம் காலியாக மின்னி மின்னிக் காத்திருந்தது. 'புதிய அளவு முறை காரணமாக' என்று எழுதினால்கூட ஒப்புக்கொள்ளும். பாதிப் பேர் இப்போது அதைத்தான் எழுதுகிறார்கள் என்று கேள்வி. 'புதிய' என்றுகூடத் தட்டிவிட்டார். பிறகு அழித்தார்.

'முந்தைய அளவு தவறு. குறை அன்றே தெரிந்தும் நான் பங்கு போட்டு மறைத்தேன்.'

அனுப்பினார். 'பெறப்பட்டது' என்று வந்தது. மணி நாலு ஐம்பத்தாறு.

கூடத்தில் அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து படத்தைக் காட்டினார். சுற்றி வளைக்காமல் சொன்னார். அவள் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அப்ப லோன்?"

"வராதும்மா. வந்தாலும் வேணாம்."

"பர்மிஷன் நேரம் முடிஞ்சுபோச்சு" என்றாள், சம்பந்தமில்லாமல். மருந்துச் சீட்டை நாலாக, எட்டாக மடித்தாள். பிறகு கஷ்டப்பட்டு எழுந்து, வீட்டுக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாவம் அத்தை நீங்க. உங்களையும் இப்படித்தானே ஏமாத்தியிருக்காங்க. இத்தனை வருஷம் இதுக்குள்ளயா இருந்தீங்க. இன்னிக்கே வேற எங்கயாவது போயிடுங்க." கணவனுக்கு ஃபோன் செய்தபடி வாசல் பக்கம் போனாள். "பந்தயத்துல நீங்கதான் ஜெயிச்சீங்க" என்று அவள் தொடங்குவது கேட்டது. பிறகு குரல் உடைந்து, தெருவுக்கு இறங்கிவிட்டாள்.

மிஷின் மேலிருந்த சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. டேப்காரர் எழுந்து நின்றார். இனி வங்கி என்ன செய்யும் என்பது அவர் கையில் இல்லை. ஆனால் இங்கே ஒரு பாக்கி இருந்தது.

"அம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஆறு வருஷத்துக்கு முன்னாடி உங்களுக்காக அளக்க வந்தப்ப இந்தக் குறை எனக்குத் தெரிஞ்சிருக்கு. நோட்டுல எழுதியே வச்சிருக்கேன். சோம்பேறித்தனம்தான், வேற ஒண்ணுமில்ல. நான் அன்னிக்கு அந்தச் சுவரைத் தட்டிப் பாத்திருந்தா நீங்க இந்த வீட்டை வாங்கியிருக்க மாட்டீங்க. உங்க தலையில இதைக் கட்டினது நான்தான். எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியல."

வீட்டுக்காரம்மா கழுத்திலிருந்த துணி டேப்பை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்றி முடிந்ததும் அதை மேசைமேல், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நானும் அளக்கறவதானே சார். வந்த மூணாம் மாசம் தரைக்கு விரிப்பு வெட்டறப்பவே தெரிஞ்சுபோச்சு. அந்த ஓட்டையப் போட்டு மூடி வச்சது நான்தான். மழை பேஞ்சா திறந்து பாப்பேன்."

"அப்ப தெரிஞ்சேவா அந்தப் பொண்ணுக்கு..."

வீட்டுக்காரம்மா முதல் முறையாக அவர் கண்ணை நேராகப் பார்த்தார்.

"உங்க பேரை அவளுக்கு எழுதிக் குடுத்ததே நான்தான் சார், எனக்கு இந்த வீட்டை வித்தவர் அன்னிக்கு எனக்கு எழுதிக் குடுத்த மாதிரியே."